எம்எம்ஆர் ஊசிக்கு முன்னால் இரும்புச்சத்து: எப்போது, எவ்வளவு?

லயத்துத்திண்ணை (சுங்கை சிப்புட்)

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் தோட்டத்து அம்மாக்களுக்கு அரை மணி நேரப் பேச்சு. பொருள் ரத்தச்சோகையும் தடுப்பூசியும். “ரத்தம் கம்மியா இருக்கிற பிள்ளைக்கு ஊசி பிடிக்காது, ரத்தம் ஏறுன பிறகு போட்டுக்கலாம்” என்று ஒரு குரல்பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. முன்பாதியில் ஏதோ உண்மை இருக்கும் போலிருக்கிறது, பின்பாதி ஆபத்தாகத் தெரிகிறது. எங்கே கோடு போடுவது?

பேச வசதியாக ஒரு மாதிரிக் குழந்தையை வைத்துக்கொள்வோம். வயது 7 மாதம், எடை 7.8 கிலோ, நிறைமாதப் பிரசவம். தாய்ப்பால், அரிசிக் கஞ்சி, அவ்வப்போது பேரீச்சம்பழம் ஊறவைத்த தண்ணீர். விரலில் குத்திப் பார்த்ததில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 9.6 கிராம். ஆறு மாதம் வரைக்குமான ஊசிகள் எல்லாம் போட்டாயிற்று. அடுத்தது 9 மாதத்தில் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி).

இரும்புக்கும் ஊசி வேலை செய்வதற்கும் என்ன தொடர்பு, இந்த இரண்டு மாதத்தில் என்ன செய்தால் பயன், சிரப் அளவை எப்படிக் கணக்கிடுவது, எதில் தவறு நடக்கும், இதெல்லாம் வேண்டும். “நல்லா சாப்பிடக் கொடுங்க” என்ற பொதுப்பேச்சு என்னிடமே நிறைய இருக்கிறது.

---

நுண்ணோக்கி

குரல்பதிவின் பின்பாதியை முதலில் வெட்டிப் போடுங்கள். ரத்தச்சோகை தடுப்பூசிக்குத் தடை இல்லை. 9.6 என்று இருக்கும் குழந்தைக்கு 9 மாத ஊசி 9 மாதத்திலேயே போட வேண்டும். தட்டம்மை ஹீமோகுளோபின் ஏறும்வரை காத்திருக்காது.

முன்பாதிக்கு வருவோம். ஊசி மருந்து உள்ளே போனதும் அந்தக் கிருமியை அடையாளம் காணும் சில டி அணுக்களும் பி அணுக்களும் விழித்துக்கொண்டு, சில நாளில் ஆயிரக்கணக்கில் பெருக வேண்டும். பெருகும் அணுவுக்கு இரும்பு கட்டாயம். புது மரபணுப் பிரதி எடுக்கும் நொதிக்கும் வேண்டும், சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாவுக்கும் வேண்டும். அதனால் விழித்த அணு முதல் வேலையாகத் தன் மேல்தோலில் இரும்பு வாங்கும் வாசல்களைக் கூட்டிக்கொள்கிறது. டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி என்பது அந்த வாசல்தான். ரத்தத்தில் இரும்பு இல்லையென்றால் வாசல் திறந்து என்ன பயன்?

இந்த வாசல் எவ்வளவு முக்கியம் என்பது 2016இல் தெளிவானது. அந்த ஏற்பியின் மரபணுவில் பிழையோடு பிறந்த குழந்தைகளுக்கு ரத்தச்சோகை லேசாகத்தான் இருந்தது. நோய் எதிர்ப்போ பலமாக அடிபட்டிருந்தது. சிவப்பணு எப்படியோ சமாளித்துக்கொள்கிறது, எதிர்ப்பு அணுவால் முடியவில்லை. 2019இல் வந்த இன்னோர் ஆய்வு, இரும்பு குறைந்தால் பி அணு பெருகுவதற்கான சைக்ளின் ஈ1 என்ற புரதம் சரியாக உருவாவதில்லை என்று காட்டியது. 2021இல் ஆக்ஸ்ஃபோர்டு குழுவினர் எலிகளின் ரத்த இரும்பை ஹெப்சிடின் (இரும்பு வரத்தை அடைக்கும் ஹார்மோன்) வழியாகக் குறைத்துத் தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். டி அணு, பி அணு, எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) மூன்றும் சரிந்தன.

குழந்தைகளில் பார்த்தது கென்யாவில். ஸூரிக் ஈடிஎச் பல்கலைக்கழகத்தினரும் கென்ய ஆய்வாளர்களும் சேர்ந்து 2020இல் வெளியிட்டார்கள். 303 குழந்தைகளைப் பிறந்தது முதல் 18 மாதம் வரை பின்தொடர்ந்ததில், பத்து வாரத்திலேயே பாதிக்கு மேல் ரத்தச்சோகை. 24 வாரத்தில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல். ஊசி போட்ட நேரத்தில் ரத்தச்சோகையோடு இருந்தவர்களுக்குத் தொண்டை அடைப்பான், கக்குவான், நியூமோகாக்கஸ் (நிமோனியா கிருமி) எதிர்ப்பு குறைவாக வந்தது.

இதை மட்டும் வைத்துக்கொண்டு மேடையில் முழங்காதீர்கள். ரத்தச்சோகை உள்ள வீட்டில் வறுமை, தொற்று, எடைக்குறைவு எல்லாம் சேர்ந்தே இருக்கும். எது காரணம் என்று பிரிப்பது கடினம். அதனால்தான் அந்த ஆய்வின் இரண்டாம் பகுதி எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆறு மாதம் தாண்டிய 127 குழந்தைகளுக்கு நான்கு மாதம் தினமும் சத்துப்பொடி கொடுத்தார்கள். 85 பேருடைய பொடியில் இரும்பு இருந்தது, 42 பேருடையதில் இல்லை. நடுவில் 9 மாதத்தில் தட்டம்மை ஊசி. இரும்பு வாங்கிய கூட்டத்தில் அதிகம் பேருக்கு எதிர்ப்பு உண்டானது, எதிர்ப்பொருள் கிருமியைப் பிடிக்கும் இறுக்கமும் கூடியிருந்தது. கொடுத்த இரும்பு நாளைக்கு வெறும் 5 மில்லிகிராம்தான்.

சின்ன ஆய்வுதான். ஆனால் கேள்வி உங்கள் கேள்வியேதான்: ஊசிக்குச் சில வாரம் முன்பே இரும்பு உள்ளே போனால் வித்தியாசம் தெரிகிறதா? தெரிந்தது. அதைப் பெரியவர்களுக்கோ, 13 வயதில் எச்பிவி (கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி) போடும் பெண்பிள்ளைகளுக்கோ அப்படியே நீட்ட வேண்டாம். பார்த்தது கைக்குழந்தைகளை.

நம் மலேசியத் தடுப்பூசி அட்டவணை கென்யாவைவிட ஒரு விஷயத்தில் வசதி. அங்கே தட்டம்மை இரண்டாம் ஊசி 18 மாதத்தில். இங்கே 2016 முதல் எம்எம்ஆர் 9 மாதத்திலும் 12 மாதத்திலும். முதல் ஊசியில் எதிர்ப்பு வராத குழந்தையை மூன்று மாதத்தில் இரண்டாவது பெரும்பாலும் பிடித்துவிடும். அதனால் அம்மாக்களைப் பயமுறுத்தாமல், “இரண்டையும் தேதி தவறாமல் போடுங்கள், இரும்பைக் கவனியுங்கள்” என்றால் போதும்.

---

மருந்துக்கட்டு

நுண்ணோக்கி சொன்னதோடு காலக்கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடையில் அதுதான் எடுபடும்.

குழந்தை தன் இரும்பை அம்மாவிடமிருந்து கடைசி மூன்று மாதத்தில் வாங்கிக்கொண்டு பிறக்கிறது. பிறந்த பிறகு எடை ஐந்து மாதத்தில் இரண்டு மடங்கு. கையிருப்பு அதற்கே செலவாகிறது. நிறைமாதக் குழந்தைக்கு நான்கிலிருந்து ஆறு மாதம்வரை ஓடும். குறைமாதத்தில் பிறந்தாலோ பிறப்பெடை 2.5 கிலோவுக்குக் கீழ் என்றாலோ, இரண்டு மூன்று மாதத்திலேயே அடி தட்டும். அம்மாவுக்கே கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழ் என்றால் அந்தக் குழந்தையையும் சீக்கிரம் பார்க்க வேண்டும்.

இப்போது அட்டவணையை மேலே வைத்துப் பாருங்கள். 2, 3 மாத ஆறு-இன்-ஒன் ஊசிகள் (ஆறு நோய்க்கு ஒரே ஊசி) கையிருப்பு இருக்கும்போதே போய்விடுகின்றன. 5 மாத மூன்றாம் ஊசியும் 6 மாத நியூமோகாக்கலும் விளிம்பில். 9, 12 எம்எம்ஆர், 15 மாத நியூமோகாக்கல், 18 மாத பூஸ்டர் எல்லாம் கையிருப்பு தீர்ந்த பிறகு. அதாவது ஆறாவது மாதம் உணவு தொடங்கும் நாள்தான் எம்எம்ஆருக்கான தயாரிப்பும் தொடங்கும் நாள்.

உங்கள் மாதிரிக் குழந்தைக்கு வருவோம். 9.6 என்பது எந்த வகை என்று கேட்டால் இரண்டு பதில் வரும், குழம்ப வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் பழைய அளவில் 11க்குக் கீழ் ரத்தச்சோகை, 9.6 நடுத்தரம். 2024இல் மாற்றிய அளவில் 6 முதல் 23 மாதக் குழந்தைக்கு 10.5க்குக் கீழ் ரத்தச்சோகை, 9.5 முதல் 10.4 வரை லேசானது. பெயர் எதுவானாலும் இது சிகிச்சைக்கான எண். சத்துணவால் மட்டும் ஏறாது. டாக்டர் சிரப் எழுதுவார்.

எழுதும் அளவு வழக்கமாகக் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 3 மி.கி. தனி இரும்பு, அதாவது மருந்து உப்பின் மொத்த எடை இல்லை, அதிலுள்ள இரும்பு மட்டும். 7.8 கிலோவுக்கு 23.4 மி.கி. இந்தத் ‘தனி இரும்பு’ என்ற சொல்லில்தான் பாதித் தவறு நடக்கிறது. ஒரு சொட்டுமருந்துக் குப்பியில் “ஃபெரஸ் சல்ஃபேட் 75 மி.கி.” என்று பெரிதாகவும் “தனி இரும்பு 15 மி.கி.” என்று பொடியாகவும் போட்டிருக்கும், ஒரு மில்லிக்கு. 15ஐ வைத்துக் கணக்கிட்டால் 1.5 மில்லி, சரி. 75ஐ வைத்துக் கணக்கிட்டால் 0.3 மில்லி. ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு மாதம் கழித்து “மருந்து கொடுத்தும் ரத்தம் ஏறவே இல்லை” என்பார்கள்.

எதிர்த்திசைத் தவறு இன்னும் மோசம். சொட்டுமருந்து மில்லிக்கு 15 மி.கி., சில சிரப்புகளில் அதே அளவு இரும்பு 5 மில்லியில் இருக்கும். சிரப் என்று நினைத்துச் சொட்டுமருந்தில் ஒரு தேக்கரண்டி ஊற்றினால் 75 மி.கி. போகும், கிலோவுக்கு 9.6. ஒருமுறை நடந்தால் வயிற்றுவலி, வாந்தியோடு போகலாம், தினமும் நடந்தால்? அதனால் தேக்கரண்டியைத் தூக்கிப் போடுங்கள். மருந்தகத்தில் வாய்வழி சிரிஞ்சு கேளுங்கள், மருந்து கொடுப்பவரிடமே 1.5 கோட்டில் பேனாவால் குறி வைக்கச் சொல்லுங்கள்.

கொடுக்கும் முறை: காலையில், பால் குடித்து ஒரு மணி நேரம் கழித்து. கன்னத்தின் உள்பக்கம் மெதுவாக விடவும், பல் வந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடவும், இல்லையென்றால் கறுப்புக் கறை படியும். மலம் கறுக்கும், அது பயப்பட வேண்டியதில்லை. வாந்தி வந்தால் நிறுத்தாமல் அளவை இரண்டாகப் பிரித்துக் கொஞ்சம் உணவோடு கொடுக்கலாம். உறிஞ்சுவது சற்றுக் குறையும், பரவாயில்லை, குப்பி அலமாரியில் தூங்குவதைவிட மேல்.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராம் (9.6 என்றால் 10.6) ஏற வேண்டும். ஏழு மாதத்தில் தொடங்கினால் எட்டு மாதத்தில் பார்த்துவிடலாம், எம்எம்ஆருக்கு இன்னும் நான்கு வாரம் கையில் இருக்கும். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்துவது இன்னொரு தவறு. கையிருப்பு நிரம்ப மேலும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். 12 மாத ஊசியும் அதற்குள் வந்துவிடும்.

---

ஆறாங்கட்டை

நல்ல பதிவு. ஒரு சந்தேகம். ஊசி போடும் வாரம் மட்டும் சிரப்பை இரண்டு மடங்காகக் கொடுத்தால் என்ன? சில பேர் அப்படிச் செய்யலாம் என்கிறார்கள். அப்புறம், பெரியவர்களுக்கு இரும்பு மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் நல்லது என்று படித்தேன். குழந்தைக்கும் அப்படியா?

---

நுண்ணோக்கி

இரண்டுக்கும் பதில் ஒரே ஆள்: ஹெப்சிடின். கல்லீரல் சுரக்கும் சின்ன ஹார்மோன். குடலிலிருந்து ரத்தத்துக்கு இரும்பு போகும் ஃபெரோபோர்ட்டின் என்ற கதவை மூடுவது அதன் வேலை. இரும்பு அதிகமாக வந்தாலும் சுரக்கும், காய்ச்சல், வீக்கம் வந்தாலும் சுரக்கும்.

அதனால் ஊசி வாரத்தில் இரண்டு மடங்கு கொடுத்தால் கதவுதான் மூடும். மிச்சம் குடலில் கிடந்து வயிற்றைக் கெடுக்கும், நல்ல பாக்டீரியாவைக் குறைத்து மற்றதை வளர்க்கும். ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சல் அடித்தால் அப்போதும் ஹெப்சிடின் ஏறும், கொடுத்த இரும்பு உறிஞ்சப்படாது. இரும்பு ஊசிக்கு முந்தைய வாரங்களில் உள்ளே போயிருக்க வேண்டும். அன்றைக்கு ஓடிப் பிடிக்க முடியாது.

ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது 60 மி.கி.க்கு மேல் விழுங்கும் இரும்புக்குறைவுள்ள பெண்களிடம் பார்த்தது. அந்த அளவுக்குப் பிறகு 24 மணி நேரம் ஹெப்சிடின் உயர்ந்தே இருக்கிறது, 48 மணி நேரத்தில் இறங்குகிறது. 23 மி.கி. வாங்கும் கைக்குழந்தைக்கு அதைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். டாக்டர் தினமும் என்று எழுதினால் தினமும்தான்.

நடுவில் ஒன்று: காய்ச்சல் வருமோ என்று பயந்து ஊசிக்கு முன்பே பாராசிட்டமால் கொடுக்கும் பழக்கம் இங்கே நிறைய. 2009இல் செக் நாட்டில் கைக்குழந்தைகளிடம் பார்த்ததில், அப்படி முன்கூட்டிக் கொடுத்தவர்களுக்குச் சில ஊசிகளின் எதிர்ப்பொருள் அளவு குறைந்திருந்தது. காய்ச்சல் வந்து பிள்ளை அவதிப்பட்டால் கொடுங்கள், வரும் என்று கொடுக்காதீர்கள்.

---

லயத்துத்திண்ணை

மிக்க நன்றி. என் மாதிரிக் குழந்தைக்குக் கையில் ரத்தம் எடுத்துப் பார்த்ததாக வைத்துக்கொண்டு ஓர் ஆய்வகத் தாளும் தயாரித்தேன், அம்மாக்களுக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்க. ஹீமோகுளோபின் 9.8, எம்சிவி 66, சிவப்பணு 4.6, ஃபெரிட்டின் (இரும்புக் கையிருப்பைக் காட்டும் புரதம்) 9. எண்கள் பொருந்துகின்றனவா? இதில் தலசீமியாவை (பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறு) எப்படிப் பிரிப்பது? நம் பக்கம் அது கேட்காத குடும்பமே இல்லை.

---

நுண்ணோக்கி

பொருந்துகின்றன. தலசீமியாவை எடுத்தது நல்லது. நம் நாட்டில் அதைத் தாண்டாமல் இரும்பைப் பற்றிப் பேசக் கூடாது.

எம்சிவி என்பது சிவப்பணுவின் பருமன். இரும்பு குறைந்தாலும் சிறுக்கும், தலசீமியா கடத்திகளுக்கும் (நோயில்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமப்பவர்கள்) சிறுக்கும். வித்தியாசம் எண்ணிக்கையில் இருக்கிறது. இரும்பு இல்லாத மஜ்ஜை அணுவைச் சிறிதாகவும் செய்யும், குறைவாகவும் செய்யும். கடத்தியின் மஜ்ஜை சிறிதாக, ஆனால் நிறையச் செய்யும். எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 66ஐ 4.6ஆல் வகுத்தால் 14.3. 13க்கு மேல் என்றால் இரும்புப் பக்கம் சாய்கிறது. வேறொரு குழந்தைக்கு எம்சிவி 60, சிவப்பணு 5.6, ஹீமோகுளோபின் 10.6 என்று வந்தால் 10.7 கிடைக்கும், கடத்தியாக இருக்கலாம். இது சந்தேகத்துக்கு வழிகாட்டும் கணக்குதான். தீர்ப்பு இல்லை, கைக்குழந்தைகளில் சறுக்கவும் செய்யும். இரண்டும் சேர்ந்தே இருக்கும் குழந்தைகளும் உண்டு.

முடிவு சொல்வது ஃபெரிட்டின். ஐந்து வயதுக்குட்பட்டவருக்கு 12க்குக் கீழ் என்றால் கையிருப்பு காலி. 9 என்பது காலி. ஆனால் காய்ச்சல், சளி, ஊசி போட்ட ஓரிரு நாள், இந்த நேரத்தில் எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும். தொற்று இருக்கும்போது 30க்குக் கீழ் இருந்தாலே குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 25 என்று வந்ததைப் பார்த்து “இரும்பு நார்மல்” என்று அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. முடிந்தால் பிள்ளை நலமாகி இரண்டு மூன்று வாரம் கழித்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஃபெரிட்டின் நன்றாக இருந்தும் அணு சிறுத்திருந்தால் இரும்பு சிரப்பை நீட்டிக்கொண்டே போகக் கூடாது. அப்போதுதான் ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை. இரும்பு குறைந்திருக்கும்போது அந்தச் சோதனையில் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு இறங்கிப் பீட்டா தலசீமியா கடத்தியை மறைத்துவிடும், அதனால் முதலில் இரும்பு, பிறகு அது. பெற்றோர் இருவரின் பழைய ரத்தத்தாளைக் கொண்டுவரச் சொல்வது பாதி வேலையை முடிக்கும். இடைநிலைப் பள்ளி நான்காம் படிவத்தில் தலசீமியா பரிசோதனை செய்த தாள் இளம் அம்மாக்கள் சிலரிடம் இருக்கும்.

விரலில் குத்திப் பார்ப்பதும் சறுக்கும் இடம்தான். கை குளிர்ந்திருந்தாலும் பஞ்சின் ஸ்பிரிட் காயாமல் குத்தினாலும் விரலைப் பிழிந்தாலும் திசுநீர் கலந்து எண் குறையும். முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும். பிழியாமல் தானாக வரும் துளிதான் நம்பத்தக்கது. 9.6க்கும் 9.8க்கும் நடுவில் ஒன்றும் இல்லை, அதே ரத்தம்தான்.

---

அஞ்சறைப்பெட்டி

உணவுக்கு நான். முதலில் சில செல்லப்பிள்ளைகளை மேடையிலிருந்து இறக்க வேண்டியிருக்கிறது.

பேரீச்சம்பழம்: நூறு கிராமில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் இரும்பு. ஊறவைத்த தண்ணீரில் சர்க்கரைதான் இறங்கும். பீட்ரூட்டும் சிவப்புக் கீரையும் தண்ணீரைச் சிவப்பாக்குகின்றன, அது நிறமி. முட்டை மஞ்சள் கருவில் இரும்பு உண்டு, அதில் உள்ள ஒரு புரதம் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. முட்டை நல்ல உணவு, கொடுங்கள், ஆனால் இரும்புக் கணக்கில் எழுதாதீர்கள். கேழ்வரகும் அப்படியே. இரும்பை உறிஞ்சவிடாத ஃபைட்டேட்டும் டானினும் நிறைய. முளைகட்டி அரைத்தால் அவை கொஞ்சம் இறங்கும்.

7 முதல் 12 மாதக் குழந்தைக்கு உடல் உறிஞ்ச வேண்டியது நாளைக்கு 0.93 மி.கி. சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குதான் உறிஞ்சப்படுகிறது என்றால் தட்டில் 9.3 மி.கி. வேண்டும். இறைச்சி, பழம் சேர்ந்து 15 சதவீதமாக ஏறினால் 6.2 போதும். தாய்ப்பால் லிட்டருக்குச் சுமார் 0.35 மி.கி., 700 மில்லி குடித்தால் கால் மில்லிகிராம். தாய்ப்பால் இரும்பில் குறைவு என்பது தாய்ப்பாலின் குற்றம் இல்லை, ஆறாம் மாதம்வரை கையிருப்பு பார்த்துக்கொள்ளும் என்ற ஏற்பாடு அது. வெறும் அரிசிக் கஞ்சி இந்தக் கணக்கில் ஏறக்குறையப் பூஜ்யம்.

அப்படியென்றால் எது? கோழி ஈரல். வேகவைத்தது நூறு கிராமில் 11, 12 மி.கி. ஒரு மேசைக்கரண்டி (15 கிராம்) மசித்துக் கஞ்சியில் கலந்தால் 1.7 மி.கி. எண் சின்னதாகத் தெரியும், ஆனால் இது சதை இரும்பு, பல மடங்கு நன்றாக உள்ளே போகும். கூடவே அந்தக் கஞ்சியில் இருக்கும் பருப்பு, கீரை இரும்பையும் இழுத்துக்கொண்டு போகும். ஆனால் தினமும் வேண்டாம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். அந்த ஒரு மேசைக்கரண்டியே கைக்குழந்தையின் ஒரு நாள் உச்சவரம்பான 600 மைக்ரோகிராமுக்குப் பக்கத்தில் போய்விடும். வாரத்துக்கு இரண்டு நாள். மற்ற நாட்களில் கோழித் தொடைச் சதை, மீன், ஆட்டுக்கறி அரைத்தது.

செய்முறை: ஈரலின் பச்சை நிறப் பித்தப்பை ஒட்டியிருந்தால் வெட்டி எறியுங்கள், கசக்கும். இஞ்சித் துண்டோடு தண்ணீரில் எட்டுப் பத்து நிமிடம், உள்ளே இளஞ்சிவப்பு போகும்வரை. நடுவில் பிளந்து பாருங்கள். அரைவேக்காடு கூடாது. மசித்துக் கஞ்சியில் போட்டு, இறக்கிய பிறகு லீமாவ் கஸ்தூரி (குட்டி எலுமிச்சை) சில சொட்டு. கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும். உப்பு வேண்டாம்.

சைவக் குடும்பங்களுக்குச் சொல்வதை இன்னும் கவனமாகச் சொல்லுங்கள். பருப்பும் கீரையும் மட்டும் வைத்து 9 மி.கி. எட்டுவது கைக்குழந்தையின் வயிற்றளவில் ஏறக்குறைய முடியாத காரியம். இரும்பு சேர்த்த குழந்தைத் தானியப் பொடி வாங்கிப் பெட்டியின் பக்கத்தில் ஒரு வேளைக்கு எத்தனை மி.கி. என்று படிக்கட்டும். அதோடு கனிந்த கொய்யாவை மசித்து விதை வடிகட்டிக் கொடுத்தால் உறிஞ்சல் நன்றாக ஏறும். கொய்யா லயத்துப் பின்புறத்திலேயே காய்க்கிறது, ஆரஞ்சைவிட அதில் வைட்டமின் சி பல மடங்கு.

இப்போது பெரிய குற்றவாளி. பாட்டிலில் தேநீர். சுண்டப்பால் கலந்த தே, பிஸ்கட்டை முக்கி ஊட்டுவது, “கொஞ்சம்தானே” என்பது. தேநீரின் டானின் அதே வேளையில் சாப்பிட்ட செடி இரும்பைக் கட்டிவிடும், சர்க்கரை பசியைக் கொன்றுவிடும். கைக்குழந்தைக்குத் தேநீர் ஒரு சொட்டும் வேண்டாம். அம்மாவுக்குச் சாப்பாட்டோடு வேண்டாம். 2017இல் பிரிட்டனில் பெண்களிடம் அளந்தபோது, சாப்பாட்டோடு குடித்த தேநீரை ஒரு மணி நேரம் தள்ளினாலே அது கெடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தேநீரை விடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், தள்ளச் சொன்னால் கேட்பார்கள். ஒரு வயதுக்குப் பிறகு பசும்பாலும் நாளைக்கு 500 மில்லியைத் தாண்டக் கூடாது. பால் வயிற்றை அடைத்துச் சோற்றைத் தள்ளிவிடுகிறது.

---

ஆறாங்கட்டை

குடற்பூச்சி மருந்து பற்றி யாரும் சொல்லவில்லையே? தோட்டத்தில் அதுதானே முதல் காரணமாகச் சொல்வார்கள்.

---

மருந்துக்கட்டு

ஏழு மாதத்துக்குப் பொருந்தாது, அதனால் விட்டேன். தவழாத பிள்ளைக்குக் கொக்கிப்புழு ஏற வாய்ப்பே குறைவு, பூச்சி மருந்தும் ஒரு வயதுக்குப் பிறகுதான். 12 முதல் 23 மாதம்வரை அல்பெண்டசோல் 200 மி.கி. ஒருமுறை, அதற்கு மேல் 400. செருப்பில்லாமல் ஈரமண்ணில் நடக்கும் பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் கேளுங்கள். அம்மாவின் குடலில் புழு ரத்தம் குடித்தால் அடுத்த குழந்தையின் கையிருப்பு அங்கேயே குறைகிறது.

இங்கே பலருக்குத் தெரியாத ஆபத்து வேறு. கர்ப்பிணிக்குக் கிளினிக்கில் கொடுக்கும் ஃபெரஸ் ஃபியூமரேட் 200 மி.கி. மாத்திரை ஒன்றில் தனி இரும்பு 65 மி.கி. மிட்டாய் மாதிரி இருக்கும். 10 கிலோ பிள்ளை பத்து மாத்திரை விழுங்கினால் கிலோவுக்கு 65 மி.கி. 60க்கு மேல் உயிருக்கே ஆபத்து. முதல் சில மணி நேரம் வாந்தி, ரத்தபேதி, பிறகு தெளிந்த மாதிரி இருக்கும், அதற்குப் பின் விழும். ‘தெளிந்துவிட்டது’ என்று வீட்டில் வைத்துக்கொள்வதுதான் கொல்கிறது. எத்தனை என்று தெரியாவிட்டாலும் மிச்ச மாத்திரையோடு அட்டையை எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு. அந்த அட்டை சாமி மேடையிலோ ஃபிரிட்ஜ் மேலோ இருக்கக் கூடாது, பூட்டும் அலமாரியில்.

---

லயத்துத்திண்ணை

எழுதி வைத்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. எட்டாம் மாதம் திரும்பப் பார்க்கும்போது ஒரு கிராம் ஏறவில்லை, 9.7லேயே நிற்கிறது என்றால்? ஊசிக்கு நான்கு வாரம்தான் இருக்கும்.

---

மருந்துக்கட்டு

குப்பியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், குப்பியில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். நாளைக்கு 1.5 மில்லி என்றால் 28 நாளில் 42 மில்லி போயிருக்க வேண்டும். 60 மில்லிக் குப்பியில் 40 மில்லி மிச்சம் இருந்தால் பதில் கிடைத்துவிட்டது. சரியாகக் குறைந்திருந்தால் சிரிஞ்சில் எந்தக் கோடு, பாலோடு கலந்து கொடுத்தார்களா, நடுவில் எத்தனை நாள் காய்ச்சல் என்று கேளுங்கள். இதெல்லாம் சரி என்றால் டாக்டரிடம் திருப்பி அனுப்புங்கள், தலசீமியா, மறைவான ரத்தக்கசிவு, உறிஞ்சாத குடல் என்று அவர் தேடட்டும்.

ஊசித் தேதியை மட்டும் தொடாதீர்கள். கிளினிக்கில் மிஸ்ஸியிடம் (தாதி) “ரத்தம் கம்மி, சிரப் ஓடுகிறது” என்று சொல்லி, எண்ணைக் குழந்தையின் புத்தகத்தில் எழுத வையுங்கள். 12 மாத எம்எம்ஆருக்கு வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து அடுத்த எண்ணை அதற்குக் கீழேயே எழுதலாம்.